அலங்கரித்த டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் திணறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசையும் வால்பேப்பர், திரையோரத்தில் கடிகாரம், கண்ணாடி போன்ற டாஸ்க்பார், ஐகான்கள் வரிசையாக நிற்கும் டாக் என்று டெஸ்க்டாப்பை ஆசையாக அமைத்துக்கொண்டவர்களுக்கு, ஒரு நாள் விண்டோவை இழுத்தால் அது தயங்கித் தயங்கி வருகிறது. யாரிடம் கேட்டாலும் "எல்லாவற்றையும் நீக்கிவிடு" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் திரை கண்ணுக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானது. பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்கின் (கடிகாரம், வானிலை போன்றவற்றைத் திரையில் காட்டும் சிறு அலங்காரத் துண்டு), ஒரே ஒரு அமைப்புதான் தொல்லை தருகிறது. அதைத் தேடிப்பிடிக்க உதவுவதற்காகவே இந்தப் பக்கம். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். லினக்ஸுக்கும் ஒரு கேள்வி உண்டு.

கணினி மந்தமாகிவிட்டது. அலங்கார மென்பொருள்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் மந்தம் எந்த வகையானது என்று பாருங்கள். கோப்பைத் திறக்க நேரமாகிறது, கணினி தொடங்கவே தாமதமாகிறது என்றால் சேமிப்பகத்திலோ நினைவகத்திலோ தேடுங்கள். விண்டோவை நகர்த்தும்போது இழுபறி, பக்கத்தை உருட்டும்போது துள்ளல், காணொளியில் அவ்வப்போது ஒரு நொடித் தேக்கம், விளையாட்டில் சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தும் இடையிடையே வெட்டு என்றால் அது கிராபிக்ஸ் பக்கத்துப் பிரச்சினை.

பிறகு ஒரு சிறு சோதனை. டாஸ்க்பாரின் ஓரத்தில் உள்ள ஐகானை வலது கிளிக் செய்து அந்த மென்பொருளை முழுமையாக மூடுங்கள். அதே விண்டோவை அதே விதமாக இழுத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டாலும் அந்த மென்பொருள் குற்றமற்றது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தோற்றத்தை மாற்றும் மென்பொருள்கள் சில, தங்கள் நிரல் துண்டைப் பிற மென்பொருள்களுக்குள் ஏற்றிவைக்கின்றன. மூடிய பிறகும் அந்தத் துண்டு உள்ளேயே தங்கியிருக்கலாம். தானாகத் தொடங்குவதை நிறுத்திவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து மறுபடி சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்குவது இதற்குப் போதாது. விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. எல்லாம் புதிதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போதுதான்.

திரையில் ஒரு படம் அசைவதற்கும் மற்ற விண்டோக்கள் திணறுவதற்கும் என்ன தொடர்பு?

இது புரிந்துவிட்டால் கீழே வரும் பல பதில்களை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, ஒவ்வொரு விண்டோவும் தன் படத்தை நேராகத் திரையில் வரைவதில்லை. தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவகப் பரப்பில் வரைகிறது. அந்தப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழலும் ஒளிபுகும் தன்மையும் சேர்த்து, ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புவது 'டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்'. விண்டோஸ் 7 வரை இதை அணைத்துவைக்க முடிந்தது. விண்டோஸ் 8 முதல் அந்த வாய்ப்பில்லை.

திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 6.9 மில்லிநொடியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் வேலை முடியாவிட்டால் பழைய படமே இன்னொரு சுற்று திரையில் நிற்கும். நம் கண்ணுக்கு அதுவே துள்ளலாகத் தெரிகிறது.

திரையில் எதுவும் மாறாதபோது மேனேஜர் ஓய்வெடுக்கிறது. அடுக்க வேண்டிய தேவை இல்லை. நிலையான வால்பேப்பர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை என்பது இதனால்தான். நொடிக்கு 60 முறை அசையும் வால்பேப்பரோ, முள் வழுக்கிச் செல்லும் கடிகாரமோ அந்த ஓய்வைப் பறித்துவிடுகிறது. நீங்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அடுக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அதன்மேல் நீங்கள் ஒரு விண்டோவை இழுத்தால், மிச்சமிருக்கும் மில்லிநொடிகளுக்குள் அந்த வேலையும் நடந்தாக வேண்டும்.

டாஸ்க் மேனேஜரில் எதைப் பார்க்க வேண்டும்?

2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஃபால் கிரியேட்டர்ஸ் அப்டேட் முதல் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப்பின் பயன்பாடு தெரிகிறது. 'பிராசஸஸ்' பக்கத்தின் தலைப்பு வரிசையை வலது கிளிக் செய்து 'ஜிபியு', 'ஜிபியு எஞ்சின்' ஆகிய இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பத்தி முக்கியமானது: வேலை முப்பரிமாண வரைதல் பகுதியில் நடக்கிறதா, காணொளியை விரிக்கும் பகுதியில் நடக்கிறதா என்பதை அதுதான் காட்டும்.

எல்லா விண்டோக்களையும் சுருக்கிவிட்டு, சுட்டியைத் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். வெறும் டெஸ்க்டாப்பில் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தால், அதை யாரோ ஓயாமல் வரையவைக்கிறார்கள் என்று பொருள். பட்டியலில் மேலே நிற்பது மேனேஜர் என்பதற்காக அதைக் குறை சொல்லக் கூடாது. தன்னிடம் வந்த வேலையைத்தான் அது செய்கிறது.

சதவீதத்தைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேலை குறைவாக இருக்கும்போது கிராபிக்ஸ் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அந்தக் குறைந்த வேகத்தில் 30 சதவீதம் என்று காட்டுவது, முழு வேகத்தில் மிகச் சிறிய சுமையாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம். மென்பொருளை மூடினால் எண் எவ்வளவு இறங்குகிறது, கண்ணுக்குத் தெரியும் திணறலும் கூடவே குறைகிறதா என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஏழெட்டு அலங்கார மென்பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகவா நிறுத்திப் பார்ப்பது?

பாதி பாதியாக நிறுத்துங்கள். 8 இருந்தால் 4-ஐ நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். திணறல் போய்விட்டதா? அப்படியானால் காரணம் நிறுத்திய 4-க்குள் இருக்கிறது. போகவில்லையா? மிச்சமுள்ள 4-க்குள். இப்படி 3 சுற்றில் 8-லிருந்து 1-க்கு வந்துவிடலாம். தானாகத் தொடங்குபவற்றை டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்திலேயே நிறுத்தலாம். பின்னணிச் சேவையாக இயங்குபவற்றுக்கு 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' கருவியில் 'சர்வீசஸ்' பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்துவிடுங்கள். அதை மறந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் புதிய தலைவலிகள் தொடங்கும்.

சில நேரங்களில் தனித்தனியே ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், இரண்டு சேர்ந்தால்தான் சிக்கல் வரும். டாஸ்க்பாரை ஒளிபுகச் செய்யும் மென்பொருளும், டாஸ்க்பாரையே மாற்றியமைக்கும் மென்பொருளும் ஒன்றாக இருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று பூசுவதை மற்றொன்று அழிக்க, முதலாவது மீண்டும் பூச, அந்தப் போட்டி முடிவில்லாமல் நீளும். டாஸ்க்பார் மினுக்குவதைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சேஃப் மோடில் சோதித்தால் போதாதா?

சேஃப் மோட் என்பது விண்டோஸை அடிப்படைப் பகுதிகளோடு மட்டும் தொடங்கும் முறை. கிராபிக்ஸ் வேகத்தைச் சோதிக்க அது உதவாது. அதில் உங்கள் கிராபிக்ஸ் டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) ஏற்றப்படுவதில்லை. அடிப்படை டிரைவர் மட்டுமே இயங்கும். அலங்கார மென்பொருள் எதுவும் இல்லாமலேயே எல்லாம் மந்தமாகத் தெரியும். கணினிக்குள் நுழையவே முடியாதபடி ஒரு மென்பொருள் குழப்பிவிட்டால், அதை நீக்குவதற்குச் சேஃப் மோட் பயன்படும்.

ரெயின்மீட்டர் மிக இலகுவான மென்பொருள் என்கிறார்கள். ஆனால் என் கணினியில் சுமை ஏறுகிறதே?

திரையில் ஸ்கின்களைக் காட்டும் ரெயின்மீட்டர் இலகுவானதுதான். சுமை எப்போதும் ஸ்கினிலிருந்து வருகிறது. ஒரு ஸ்கின் எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை அதன் கோப்பில் 'அப்டேட்' என்ற வரி சொல்கிறது. இயல்பான மதிப்பு 1000, அதாவது நொடிக்கு ஒருமுறை. அசைவு வழுவழுப்பாக வர வேண்டும் என்பதற்காகச் சில ஸ்கின்களை எழுதியவர்கள் இதை 16 என்று வைத்துவிடுகிறார்கள். நொடிக்கு 60 முறைக்கும் மேல் அந்த ஸ்கின் வரையப்படும். ஒலியலை காட்டும் ஸ்கினுக்கு அது தேவை. வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் ஸ்கினுக்கு எதற்கு?

அசைவும் வேண்டும், கணக்கிடுவது குறையவும் வேண்டும் என்றால் 'அப்டேட்டிவைடர்' என்ற வரி இருக்கிறது. 'அப்டேட்' 1000 ஆக இருக்கும்போது, வட்டு இடத்தைக் கணக்கிடும் பகுதிக்கு இதை 60 என்று கொடுத்தால் அது நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் வேலை செய்யும்.

அடுத்தது ஸ்கினின் பரப்பளவு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. முன்பு நானே ஒரு ஸ்கின் எழுதினேன்: திரையின் மேல் மூலையில் கடிகாரம், கீழ் மூலையில் வானிலை, இரண்டும் ஒரே ஸ்கினுக்குள். நடுவில் ஒன்றுமில்லை, எல்லாம் ஒளிபுகும் வெற்றிடம். அப்படியும் திரை திணறியது. பல நாள் டிரைவரைச் சந்தேகித்து அதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிடமும் வரையப்படுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஸ்கினின் எல்லை திரை முழுவதும் விரிந்திருந்தால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் திரையளவு படம் உருவாகிறது. 1920-க்கு 1080 திரையில் அது சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்று கொண்டால் 8 மெகாபைட்டுக்குச் சற்று மேல். நொடிக்கு 60 முறை என்றால் ஏறக்குறைய 500 மெகாபைட். 4கே திரையில் இது நான்கு மடங்காகி, நொடிக்கு 2 கிகாபைட்டை நெருங்குகிறது. கடிகாரத்தையும் வானிலையையும் இரண்டு சிறிய ஸ்கின்களாகப் பிரித்ததும் திணறல் நின்றுவிட்டது. தோற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அசையும் வால்பேப்பரை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

விட வேண்டியதில்லை. கண்ணில் படாதபோது அது இயங்காமல் இருந்தால் போதும். வால்பேப்பர் எஞ்சின், லைவ்லி போன்ற அசையும் வால்பேப்பர் மென்பொருள்களில் இதற்கான விதிகள் உள்ளன. முழுத்திரை விளையாட்டு ஓடும்போது, ஏதேனும் ஒரு விண்டோ திரையை நிரப்பும்போது, லேப்டாப் பேட்டரியில் இயங்கும்போது என்று எப்போதெல்லாம் வால்பேப்பர் நிற்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். நினைவகமும் போதவில்லை என்றால், வால்பேப்பர் எஞ்சினில் இடைநிறுத்துவதற்குப் பதிலாக முழுமையாக நிறுத்தி நினைவகத்தை விடுவிக்கும் தேர்வு இருக்கிறது.

இந்த விதிகளில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு விண்டோக்களைப் பாதிப் பாதியாக வைத்துத் திரையை முழுக்க மறைத்துவிட்டால், எந்த ஒரு விண்டோவும் 'மேக்ஸிமைஸ்' ஆகவில்லை என்பதால் வால்பேப்பர் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கலாம். நீங்கள் இப்படி வேலை செய்பவர் என்றால், வேறொரு மென்பொருள் முன்னணிக்கு வந்தாலே நிற்கும் விதியைத் தேர்ந்தெடுங்கள்.

பிரேம் எண்ணிக்கையை 30-க்குக் குறையுங்கள். மெதுவாக நகரும் மேகத்துக்கும் மழைக்கும் அது தாராளம். வால்பேப்பர் காணொளி வகையாக இருந்தால், திரையின் அளவைவிடப் பெரிய காணொளி வேண்டாம். 1080 திரைக்கு 4கே காணொளியை வைத்தால், விரித்த பிறகு மறுபடி சுருக்கும் வீண் வேலைதான் நடக்கும். காணொளியின் குறியீட்டு முறையும் முக்கியம். எச்.264 வகையை ஏறக்குறைய எல்லா கிராபிக்ஸ் சிப்புகளும் தனிச் சுற்று வழியாகவே விரித்துவிடும். ஏவி1 வகையைப் பழைய சிப்புகள் அப்படி விரிப்பதில்லை; வேலை முழுவதும் மையச் செயலியின் (சிபியு) தலையில் விழுகிறது. டாஸ்க் மேனேஜரின் 'வீடியோ டிகோட்' வரைபடம் படுத்தே கிடந்து, மையச் செயலியின் பயன்பாடு ஏறியிருந்தால் இதுதான் நடக்கிறது.

இணையப்பக்க வகை வால்பேப்பர் என்றால், உங்கள் திரைக்குப் பின்னால் ஒரு முழு பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுமை, அந்தப் பக்கத்தை எழுதியவரின் கைத்திறனைப் பொறுத்தது.

விண்டோஸின் ஒளிபுகும் தோற்றத்தை அணைத்தால் பலன் உண்டா?

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேறுபாடு தெரியாது. செயலியோடு சேர்ந்த சிறிய கிராபிக்ஸில், அதுவும் பெரிய திரை இணைத்திருந்தால், தெரியும். உறைபனிக் கண்ணாடி போன்ற மங்கலுக்கு, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அடியில் உள்ள சுற்றுப் புள்ளிகளையும் படித்துக் கலக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு அடியில் அசையும் வால்பேப்பர் ஓடினால், மங்கலை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், நான் மங்கலைத்தான் விடுவேன். செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', அதற்குள் 'கலர்ஸ்', அங்கே 'டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் எல்லாம் சரி. விளையாடும்போது மட்டும் வெட்டுகிறது.

விளையாட்டின் மேல் ஏதாவது மிதக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு முழுத்திரையில் தனியாக இருக்கும்போது, அடுக்கும் வேலையைத் தாண்டி அதன் படத்தை நேராகத் திரைக்கு அனுப்பிவிட விண்டோஸால் முடியும். 'எப்போதும் மேலே' என்று அமைத்த ஒரு சிறிய கடிகாரம், ஓரத்தில் மறைந்திருக்கும் டாக், உரையாடல் மென்பொருளின் மேல்பூச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதன்மேல் வந்தால்கூட அந்த நேர்வழி அடைபட்டுப்போகலாம். படம் மீண்டும் மேனேஜர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். இன்டெலின் பிரசன்ட்மான் என்ற இலவசக் கருவி இதைக் காட்டும். 'இண்டிபெண்டென்ட் ஃப்ளிப்' என்று வந்தால் நேர்வழி. 'கம்போஸ்ட்' என்று தொடங்கினால் சுற்றுவழி.

விண்டோக்களின் சட்டத்தை மாற்றும் தீம் மென்பொருளில், குறிப்பிட்ட மென்பொருள்களைத் தொடாமல் விடும் பட்டியல் ஒன்று இருக்கும். விளையாட்டுகளை அதில் சேர்த்துவிடுங்கள். வேகத்துக்காக மட்டுமன்று: பிற நிரல்களுக்குள் நுழையும் மென்பொருளை, மோசடி தடுக்கும் அமைப்புகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கின்றன. வால்பேப்பர் எதில் ஓட வேண்டும்?

சாதாரணமாக, மின்சாரம் குறைவாக எடுக்கும் சிப்பில். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று சென்று அந்த மென்பொருளுக்கு 'பவர் சேவிங்' கொடுங்கள். தனிச் சிப்பை ஒரு வால்பேப்பர் உறங்கவிடாமல் வைத்திருந்தால், சூடும் விசிறிச் சத்தமும் நாள் முழுவதும் தொடரும். பேட்டரியும் விரைவில் தீரும். பெரும்பாலான லேப்டாப்புகளில் உள்திரை சிறிய சிப்போடு இணைந்திருப்பதால், பெரிய சிப்பில் வரைந்த படத்தை ஒவ்வொரு முறையும் சிறிய சிப்புக்குப் பிரதியெடுத்து அனுப்பும் கூடுதல் செலவும் உண்டு. முழுமுப்பரிமாண வால்பேப்பர் சிறிய சிப்பில் தள்ளாடினால் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடுமா?

சில நேரம் ஆகும். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று தெரிந்தால், இயங்குவது அடிப்படை டிரைவர் மட்டுமே. அப்போது வேறு எதையும் ஆராயாமல் முதலில் சரியான டிரைவரை நிறுவுங்கள்.

விண்டோஸ் புதுப்பிப்பு வந்த மறுநாளிலிருந்து எல்லாம் குழப்பம்.

டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் மாற்றும் மென்பொருள்கள், விண்டோஸின் உள்ளமைப்பு இன்னபடி இருக்கும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை. பெரிய புதுப்பிப்பில் அந்த உள்ளமைப்பு மாறிவிட்டால், டாஸ்க்பாரைக் காட்டும் எக்ஸ்புளோரர் விழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். அதைத்தான் நாம் திரை மினுக்கலாகப் பார்க்கிறோம். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய புதுப்பிப்புக்கு முன்னால் இவ்வகை மென்பொருள்களை நீக்கிவிட்டு, பின்னர் அவற்றின் புதிய பதிப்பை நிறுவுவதே பாதுகாப்பான வழி. கணினியின் தீம் கோப்புகளையே மாற்றி எழுதும் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'சிஸ்டம் ஃபைல் செக்கர்' கருவியை ஓட்டினால் அவை பழைய நிலைக்குத் திரும்பும்.

மென்பொருளை நீக்கியும் திணறல் போகவில்லையே?

மிச்சங்களைத் தேடுங்கள். நீக்கும் வேலையைச் சில மென்பொருள்கள் அரைகுறையாகவே செய்கின்றன: ஒரு சேவை, நேரம் குறித்து இயங்கும் ஒரு பணி, எக்ஸ்புளோரருக்குள் ஏறும் ஒரு நீட்சி என்று ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போகின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும். ஐயமுள்ளதை அழிக்க வேண்டாம். அதன் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். தவறாகிவிட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

திரை திடீரென உறைந்துவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு 'B' எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். திறந்திருக்கும் விண்டோக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

லினக்ஸிலும் இதே கதைதானா?

அடிப்படை ஒன்றுதான். கணினி விவரங்களைத் திரையில் காட்டும் காங்கியில் புதுப்பிப்பு இடைவெளி நொடிக் கணக்கில் கொடுக்கப்படுகிறது, அதைக் கூட்டுங்கள். விண்டோக்களை அடுக்கித் தரும் பைகாம் போன்ற மென்பொருளில் மங்கலை முதலில் அணைத்துப் பாருங்கள். எல்லாமே மந்தமாக இருந்தால், கிராபிக்ஸ் வரையும் முறையான ஓபன்ஜிஎல்லின் விவரத்தில், வரைவது எது என்று சொல்லும் 'ரெண்டரர்' என்ற இடத்தைப் பாருங்கள். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப் பயன்படவே இல்லை. எல்லாவற்றையும் மையச் செயலி வரைந்துகொண்டிருக்கிறது. அலங்காரத்தைத் தொடும் முன் டிரைவரைச் சரிசெய்யுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மென்பொருளை உருவாக்கியவருக்கு என்ன எழுதுவது?

கட்டாயம் எழுதுங்கள். இவ்வகை மென்பொருள்களில் பலவற்றை ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் உருவாக்குகிறார்கள். எல்லா வகைக் கணினியையும் வைத்துச் சோதிக்க அவர்களுக்கு வழியில்லை. "உங்கள் மென்பொருள் மந்தமாக இருக்கிறது" என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் எதையும் செய்ய முடியாது. விண்டோஸின் பதிப்பு எண், கிராபிக்ஸ் சிப்பின் பெயர், டிரைவரின் பதிப்பு, எத்தனை மானிட்டர்கள், ஒவ்வொன்றின் அளவும் ஹெர்ட்ஸும், எந்த ஸ்கின் அல்லது வால்பேப்பர், அதை நிறுத்தும்போதும் இயக்கும்போதும் டாஸ்க் மேனேஜர் காட்டும் எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். மென்பொருளோடு வந்த மாதிரி ஸ்கினிலேயே சிக்கலை உண்டாக்க முடிந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் மேசையிலேயே அதைச் செய்து பார்க்கலாம். டைரக்ட்எக்ஸ் டயக்னாஸ்டிக் கருவியின் அறிக்கையை இணைப்பதாக இருந்தால், அதன் தொடக்கத்தில் உங்கள் கணினியின் பெயர் இருக்கும். அனுப்பும் முன் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.